ஒப்பந்தத்துக்கு மேல் ஓர் அவை

ஐந்து நாடுகள் ஒரே கூட்டாக இருந்த முன்னொரு காலத்தில், ஒரு மன்னன் "என் நாட்டில் என் அவை வைத்ததுதான் சட்டம்" என்று அந்தக் கூட்டிலிருந்து விலகினான். விலகும்போது, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த நாட்டோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டான். படகுத்துறையில் இவன் தடுப்பு வைக்கக் கூடாது. இவன் வயல்களுக்கு நீர் விடும் அணை மதகை அவர்கள் மூடக் கூடாது. அவையும் கை தூக்கி அதை ஏற்றது.

ஓர் ஆண்டு போயிற்று. "அயலாருக்குக் கொடுத்த வாக்கு நம் அவையைக் கட்டுப்படுத்துமா, மன்னா?" என்று அமைச்சர் சேனாதிராயர் தூபம் போட்டார். மறுநாளே அவை கூடி, ஒப்பந்தத்தைவிடத் தன் சொல்லே பெரிது என்று சட்டம் செய்தது. துறையில் தடுப்பும் காவலும் வந்தன.

அந்த வாரமே அரசவை விகடகவி மருதப்பனின் தங்கைக்குப் பிரசவ வலி கண்டது. அக்கரையிலிருந்து வந்த மருத்துவச்சியைக் காவலர்கள் அரை நாள் நிறுத்திவைத்தார்கள். அவள் வந்து சேர்ந்தபோது குழந்தை இறந்திருந்தது.

மருதப்பன் அவைக்கு வந்தான். அன்று அவன் வேடிக்கை பேசவில்லை. "வாக்குத் தவறியது நீங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தது என் தங்கை" என்றான்.

அவன்மேல் வெகுநாள் பொறாமை கொண்டிருந்த சேனாதிராயர் எழுந்தார். "இவன் அவையை இகழ்கிறான், மன்னா. நம் அவையின் சொல் ஒப்பந்தத்தைவிடப் பெரிது என்று அக்கரை மன்னரிடமே முத்திரை வாங்கி வரட்டும். முடியாவிட்டால் நாடு கடத்துங்கள்."

மன்னனும் தலையசைத்தான்.

நான்காம் நாள் மருதப்பன் முத்திரையிட்ட ஓலையோடு திரும்பினான். சேனாதிராயர் முகம் கறுத்தது. மன்னன் ஓலைக்குக் கை நீட்டுமுன் வாய்க்கால் காவலன் ஓடி வந்தான்.

"மகாராசா, வாய்க்கால்ல தண்ணி நின்னுபோச்சு. அக்கரைக்காரங்க மதகை மூடிட்டாங்க. பயிரெல்லாம் கதிர் வாங்குற நேரம்."

"ஒப்பந்தத்தை மீற அவர்களுக்கு என்ன துணிச்சல்?" என்று மன்னன் சீறினான்.

"எந்த ஒப்பந்தம், மன்னா?" மருதப்பன் ஓலையைப் படித்தான். "'உங்கள் அவையின் சொல் ஒப்பந்தத்தைவிடப் பெரிது என்று ஏற்கிறோம். எங்கள் அவையின் சொல்லும் அப்படியே.' நீங்கள் கேட்ட முத்திரை இதோ."

மருதப்பன் விடவில்லை.

"அவைக்கு அதிகாரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வாக்குக் கொடுத்ததும் இதே அவைதானே? அன்று தூக்கிய கைகள் யாருடையவை?"

மன்னன் சேனாதிராயரைப் பார்த்தான், ஓலையைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டான். சட்டத்தை நீக்கினான். தடுப்பைச் சேனாதிராயரே கோடரி எடுத்து வெட்ட வேண்டும் என்றான். அக்கரையிலும் மதகு திறந்தது.

மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றி மருதப்பன் கழுத்தில் போட்டான். அவை முழுதும் சிரித்தது. மருதப்பன் சிரிக்கவில்லை. மாலையைச் சிம்மாசனப் படியில் வைத்துவிட்டு, தங்கை வீட்டுக்கு நடந்தான்.