கட்டிலுக்கு எதிர்ச்சுவர்

மழை குறைந்து, கோள் சொல்கிறவர்கள் பெருகிக் கிடந்த மருதங்கோடு நாட்டை முன்னொரு காலத்தில் வீரகேசரி என்ற ராஜா ஆண்டு வந்தார். ராணி காய்ச்சலில் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. படுக்கை அறையில் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் ராணியின் படத்தை மாட்டியே தீர வேண்டும் என்று ராஜாவுக்குப் பிடிவாதம்.

அரண்மனையில் எந்தச் சுவருக்கு எந்தப் படம் என்று தீர்மானிப்பவர் பூவணர். பெரிய ரசிகர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர் பொறுக்கிய படங்கள், யானையும் கிளியும் வேட்டையுமாக, இடைவெளி இல்லாமல் கூரை வரைக்கும் தொங்கின. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ஆனாலும் எல்லோரும் "ஆகா" என்பார்கள். ராஜாவின் காதில் ஓதுகிறவர் அவர் அல்லவா?

ராணியின் படத்தை எழுதிக் கொண்டுவந்தவர்கள் பதினொரு பேர். ஒவ்வொரு முறையும் ராஜா படத்தை வெறித்துப் பார்ப்பார். பிறகு, "பூவணரே, நீர் சொல்லும்" என்பார். பூவணர் உதட்டைப் பிதுக்குவார். எழுதியவன் மலைக்குக் கல்லுடைக்கப் போவான். அங்கே இரண்டு பேர் செத்தும் போனார்கள். உதட்டைப் பிதுக்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படிப்பட்டவர்களுக்கு எந்த நாட்டிலும் ஒன்றும் ஆவதில்லை.

பன்னிரண்டாவதாக, தேர்ச்சீலை எழுதும் இருளப்பனை மந்திரி செங்கோடர் அழைத்து வந்தார். பூவணருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, தேருக்குத் துணி எழுதுகிறவனா அரண்மனைச் சுவருக்கு? படம் தப்பானால் இவன் கட்டைவிரலை வெட்ட வேண்டும். கூட்டி வந்தவரும் பதவியை விட்டு இறங்க வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. அவர் யோசித்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

நாற்பது நாளில் படம் வந்தது. நகை நட்டு அதிகம் இல்லாத ஒரு பெண் முகம். ஏதோ கேட்கத் திரும்பியவள் கேட்காமல் விட்டதுபோல் இருந்தது. ராஜா வெகுநேரம் பார்த்தார். வழக்கம்போல் பூவணர் பக்கம் திரும்பினார்.

பூவணர் கிட்டே போனார், எட்டி வந்தார், கழுத்தைச் சாய்த்தார். "மூக்கு தப்பு!"

சபையில் எல்லோரும், "தப்புதான், தப்புதான்" என்றார்கள்.

"எப்படித் தப்பு?" என்று கேட்டார் செங்கோடர்.

"ராணியாரின் மூக்கு இதைவிடக் கூர்மை ஐயா. கண்ணும் இப்படி இல்லை, இன்னும் நீளம்."

"மோவாயில் மச்சம்?"

"அதைத்தான் சொல்ல வந்தேன்! மச்சத்தையே விட்டுவிட்டான் மடையன்!"

"எந்தப் பக்கம் பூவணரே?"

"இடது பக்கம். கடுகளவு."

இருளப்பன் வலது கையை இடுப்புத் துணிக்குள் ஒளித்துக்கொண்டான்.

செங்கோடர் ராஜாவை வணங்கினார். "மகாராஜா, ராணியார் இந்த அரண்மனைக்கு வந்த நாள் முதல் கண் மூடிய நாள் வரை பட்டுத் திரைக்குப் பின்னால்தான் இருந்தார். தங்களைத் தவிர எந்த ஆணும் முகம் பார்த்தால் தலை போகும் என்பது சட்டம். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய குரல்தான். பூவணருக்கோ மச்சம் வரைக்கும் தெரிந்திருக்கிறது. எப்போது பார்த்தாராம்?"

பூவணர் முகம் வெளுத்தது. "ஐயோ, நான் பார்த்ததே இல்லை மகாராஜா! சத்தியமாகப் பார்த்ததே இல்லை!"

"பார்க்காமலா பதினொரு பேரைக் கல்லுடைக்க அனுப்பினீர்?" என்றார் செங்கோடர்.

தப்புதான் என்று கத்திய சபை தரையைப் பார்த்தது. செங்கோடர் விடவில்லை. "மச்சம் இருந்ததா இல்லையா, மகாராஜாவே சொல்லட்டும்."

ராஜா மறுபடியும் படத்தைப் பார்த்தார். கடைசியில், "எனக்குத் தெரியவில்லை" என்றார்.

"பதினெட்டு வருஷம். எதிரே உட்காருவாள். நான் எல்லை வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். முகம் நினைவில் இல்லை செங்கோடரே. அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுத்தான் இவரைக் கேட்டேன்." பிறகு இருளப்பனிடம், "நீ யாரைப் பார்த்து எழுதினாய்?" என்றார்.

"என் சம்சாரத்தை, மகாராசா. போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். வேறு எந்த முகமும் கைக்கு வரவில்லை. மன்னிக்க வேணும்."

"பார்க்காமல் எழுதினாயா?"

"கண்ணை மூடினால் தெரியுமே, மகாராசா."

ராஜா முகத்தை மூடிக்கொண்டார். பிறகு உத்தரவு பிறந்தது. மலையில் மிச்சமிருந்த ஒன்பது பேரும் வீடு திரும்ப வேண்டும். இனி அரண்மனைச் சுவர்களைப் பற்றிச் செங்கோடரைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது. பூவணர் தாம் மாட்டிய படங்களைத் தம் கையால் கழற்றி, ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து, கடைத்தெரு வழியே கொண்டுபோய் ஊர்ச் சாவடியில் வைக்க வேண்டும்.

"அந்த வேட்டைப் படம் எட்டு முழம் மகாராஜா!"

"தெரியும். நீர்தானே பெரிதாகக் கேட்டு வாங்கினீர்?"

இருளப்பனுக்கு இரண்டு காணி நஞ்சை கிடைத்தது. படத்தையும் அவனிடமே கொடுத்து, "வீட்டில் எங்கே மாட்டுவாய்?" என்று கேட்டார் ராஜா.

"அடுப்படியில், மகாராசா."

"புகை படியுமே?"

"உயிரோடு இருக்கையிலும் படிந்துதான் இருந்தது. நான் துடைத்துக்கொள்வேன்."

அவன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனான். கட்டிலுக்கு எதிரே என்ன மாட்டலாம் என்று செங்கோடர் மெதுவாகக் கேட்டார்.

"ஒன்றும் வேண்டாம். எனக்குப் பொருத்தமான படம் வெறும் சுவர்தான்" என்றார் ராஜா.

அதன்பின் பதினான்கு வருஷம், சாகும்வரை, அந்த வெறும் சுவரைப் பார்த்தபடியே அவர் படுத்திருந்தார்.