எழுபத்தொன்றில் நின்ற நகல்

"புது டிஸ்க்கெல்லாம் தரமே இல்ல சிஸ்டர், எத மாட்டினாலும் காப்பி எழுபத்தொண்ணு சதவீதத்துல நின்னுடுது, நான் என்னதான் செய்யட்டும்!"

காலையிலிருந்து இதைச் சொல்வது நான்காவது முறை. ஒரு எழுத்து மாறவில்லை.

சொன்னவர் குணசீலன். வயது ஐம்பத்து மூன்று. மிஷன் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பொறுப்பு.

கேட்டவர் சிஸ்டர் பெனிட்டா. வயது முப்பத்தாறு. கன்னியர் மடத்தில் லினக்ஸ் சர்வரைத் தெரிந்த ஒரே ஆள். குணசீலன் தொழில் கற்றது அவரிடம்தான். கற்றதாகக் குணசீலன் சொல்லிக்கொள்கிறார்.

சர்வரில் இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும். முந்நூற்று நாற்பது குழந்தைகளின் இதய ஸ்கேன் படங்கள் அதில் இருந்தன.

வியாழக்கிழமை நகரத்திலிருந்து டாக்டர் வருகிறார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, யாருக்கு முதலில் ஆபரேஷன் என்று முடிவு செய்வார். பழைய படம் இல்லாத பிள்ளை இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு டிஸ்க் செத்தது. இன்று செவ்வாய்.

"எத்தன டிஸ்க் மாத்தினீங்க?"

"மூணு."

"ஒயர்?"

"அதையும் மாத்தியாச்சு."

"நகல் எதுலேருந்து எதுக்குப் போகுது?"

"மிச்சமிருக்குற பழசுலேருந்து புதுசுக்கு."

"பழசப் பாத்தீங்களா?"

"அத ஏன் சிஸ்டர் பாக்கணும்? அதுதான் நல்லா இருக்கே. ஒரு புகாரும் வரல."

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஜெபம் இல்லை. பொறுமையைத் தேடினார், கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அலமாரியிலிருந்து பழைய பாட்டுத் தாள் ஒன்றை எடுத்தார். எட்டாவது வரியில் செல்லரித்த ஓட்டை. கூடவே ஒரு வெள்ளைத் தாள்.

"காப்பி பண்ணுங்க."

"இப்பவா?"

"இல்ல, ஈஸ்டருக்கு."

குணசீலன் எழுதினார். எட்டாவது வரியில் பேனா நின்றது.

"இங்க ஓட்டையா இருக்கு சிஸ்டர்."

சிஸ்டர் அவர் எழுதிய தாளைப் பிடுங்கிக் கசக்கினார். வேறு தாள் வைத்தார்.

"இது நல்ல தாள். மொதல்லேருந்து எழுதுங்க."

எழுதினார், பாவம். எட்டாவது வரி. நின்றது.

அதையும் பிடுங்கினார். மூன்றாவது தாள்.

"இது வெளிநாட்டுத் தாள்."

குணசீலன் எழுதவில்லை.

"ஏன், பேனாவையும் மாத்தித் தரட்டுமா?"

குணசீலன் எழுந்து சர்வருக்குப் போனார். பழைய டிஸ்க்கைப் பற்றி முதன்முறையாக விசாரித்தார். அது ஒளிக்காமல் சொன்னது. படிக்க முடியாத இடங்கள் பல. எல்லாம் ஒரே திட்டாக, எழுபத்தொன்றில்.

"இது எப்ப ஆச்சு சிஸ்டர்?"

"அத நான் உங்கள்ட்ட கேக்கணும். மாசத்துல மொத ஞாயிறு ரெண்டு டிஸ்க்கையும் அடிமுதல் நுனிவரைக்கும் படிச்சு ஒத்துப் பாக்குற வேல தானா ஓடுமே. அது என்ன சொல்லுச்சு?"

குணசீலன் கசங்கிய தாள்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

"குணசீலன்."

"நிறுத்திட்டேன்."

"எப்ப?"

"ரெண்டு வருஷம் இருக்கும். அது ஓடுனா படம் தெறக்க நேரமாகுது. நர்ஸுங்க கத்துறாங்க. போன் மேல போன்."

"நிறுத்துனப்புறம்?"

"ஒருத்தரும் கத்தல."

"மத்த டிஸ்க் அப்ப உயிரோட இருந்துச்சு. அந்த வேல ஓடியிருந்தா, இதுல போன எடத்த அதப் பாத்துத் திரும்ப எழுதியிருக்கும்."

குணசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த ஆண்களுக்கு அது மட்டும் சரியான நேரத்தில் வந்துவிடும்.

"எனக்கு எதாவது தண்டன குடுங்க சிஸ்டர்."

"வாங்கிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போலாம்னா? ஓட்டையத் தாண்டி மிச்சத்தக் காப்பி பண்ணுங்க. போங்க."

புதன் மதியம் நகல் முடிந்தது. முந்நூற்று முப்பத்தொன்பது குழந்தைகளின் படங்கள் வந்தன.

ஒரு குழந்தையின் படம் வரவில்லை. முகிலன். நாலு வயது. அம்மா பெயர் பேச்சித்தாய்.

"ஸ்கேன் எடுத்தப்ப அம்மாமாருக்கு ஒரு சிடி குடுப்போம் சிஸ்டர். அது இருக்கும்."

"கேளுங்க."

"நீங்களே பேசுனா நல்லாருக்கும்."

சிஸ்டர் போனை அவர் பக்கம் தள்ளி, ஸ்பீக்கரைப் போட்டார்.

"சொல்லுங்க சார்," என்றாள் பேச்சித்தாய். பின்னால் முகிலனின் இருமல்.

"முகிலனோட பழைய சிடி ஒண்ணு குடுத்தோமேம்மா. இருக்கா?"

"அது மழையில நனைஞ்சு போச்சே சார். எங்க வீடு ஒழுகும், கெட்டுப்போயிரும்னு அன்னைக்கே சொன்னேன். நீங்கதான், கவலப்படாதம்மா, இங்க ரெண்டு டிஸ்க்ல வச்சிருக்கோம், ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும்னீங்க."

"ஆமாம்மா. அதுல ஒண்ணு போயிருச்சும்மா."

குணசீலன் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் போனைப் பார்த்தார்.

பேச்சித்தாய் பதறவில்லை.

"அது போனாப் போவுது சார். அந்த இன்னொண்ணக் குடுங்க."