தொட்டிலுக்கு அறுபத்து நான்கு சாட்சி

நெடுங்குளம் என்று ஒரு ராஜ்யம். அதை ஆண்ட வல்லபராயருக்கு எதற்கெடுத்தாலும் சாட்சி வேண்டும். ரசத்தில் உப்புக் குறைந்தால்கூட நாலு பேரைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வார்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து ஒரு பிள்ளை பிறந்தது. குளிப்பாட்டித் துவட்டியதும் பிள்ளையின் மூக்கில் எண்ணெய் விடுவது அரண்மனை வழக்கம். குளிப்பாட்ட வந்த பொம்மக்காவோ, விடவே மாட்டேன் என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டாள். அரண்மனை வைத்தியர் அகோர பண்டிதர் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். விவகாரம் சபைக்கு வந்தது.

"மூக்குல ஊத்துற எண்ணெய் நெஞ்சுக்குள்ள போயிடும் சாமி. என் தங்கச்சி பிள்ளை அப்படித்தான் மூச்சுத் திணறிச் செத்துப்போச்சு" என்றாள் பொம்மக்கா.

"ஒரே ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுகிறாள்! மூக்கில் எண்ணெய் விட்டு வளர்ந்தவர்கள் எல்லாம் கை தூக்குங்கள்" என்றார் பண்டிதர்.

சபையில் அறுபத்து மூன்று பேர் கை தூக்கினார்கள். சேனாபதி ஆர்வக் கோளாறில் இரண்டு கையையும் தூக்கிவிட்டு ஒன்றை இறக்கினார்.

"பார்த்தீர்களா மகாராஜா? எல்லாரும் கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறார்கள்!"

ராஜாவுக்கு அது போதும். "எண்ணெய் விடு. இல்லாவிட்டால் பொழுது சாய்வதற்குள் நாட்டை விட்டுப் போ" என்று சொல்லிவிட்டார்.

சபையில் விகடம் பேசிப் பிழைக்கும் சேவுகன் முன்னால் வந்து நின்றான். பொம்மக்கா அவன் பெண்டாட்டி. அவள் போனால் அவனும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"மகாராஜா, நானும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தையாக இருந்தபோது தொட்டிலிலிருந்து விழுந்தவர்கள் யார் யார்?"

சபை நெளிந்தது. "நான் இரண்டு தடவை!" என்று ராஜாவே பெருமையாகக் கை தூக்கினார். அப்புறம் கேட்க வேண்டுமா? ராஜா விழுந்திருக்கும்போது, நான் விழவில்லை என்று எவன் சொல்வான்? சேனாபதி மூன்று தடவை என்றார். பண்டிதர் நேராக உரலுக்குள்ளேயே விழுந்தாராம். எண்ணிப் பார்த்தால் அறுபத்து நான்கு பேர்.

"எண்ணெயைவிட ஒரு சாட்சி கூடுதல்!" என்று சேவுகன் கைதட்டினான். "அத்தனை பேரும் கல்லுக் குண்டு. இளவரசரைத் தொட்டிலோடு கொண்டு வாருங்கள். பண்டிதர் தம் கையாலேயே கீழே போடட்டும்."

"உனக்குப் புத்தி கெட்டுவிட்டதா?" பண்டிதர் அலறினார். "விழுந்ததாலா வளர்ந்தோம்? விழுந்தும் ஏதோ பிழைத்தோம்!"

"என் பெண்டாட்டி காலையிலிருந்து அதைத்தானே சொல்கிறாள், ஐயா! பிழைக்காத பிள்ளைகள் இங்கே வந்து கை தூக்குமா?"

ராஜா எழுந்து போய், எண்ணெய்க் கிண்ணத்தைத் தானே சன்னல் வழியாகக் கவிழ்த்தார். பொம்மக்காவுக்குப் பட்டுப் புடவை கொடுக்கச் சொன்னார். அதற்குப் பிறகு பண்டிதரின் உரல் ஞாபகம் வந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏன் சேவுகா, நீ மட்டும் கை தூக்கவில்லையே. நீ விழுந்ததே இல்லையா?"

"எங்கே மகாராஜா! எங்கள் அம்மா என்னைத் தரையில் பாய் போட்டல்லவா படுக்க வைத்தாள்?" என்று சேவுகன் பெருமூச்சு விட்டான். "அதனால்தான் இன்னும் மந்திரி ஆகாமல் இருக்கிறேன்."