வண்டியே சொல்லட்டும்

வேங்கைமலை சமஸ்தானத்தில் இருந்தது ஒரே ஒரு மோட்டார் வண்டி. அதை ஓட்டத் தெரிந்தவர்கள் இருவர்: ராஜா குமாரமுத்து நாயக்கரும் டிரைவர் இருளப்பனும். அதைப் பற்றி யோசனை சொல்லத் தெரிந்தவர்கள் அவையில் இருந்த மற்ற அத்தனை பேரும்.

பழைய டிரைவர் இறந்து, இருளப்பன் வேலைக்கு வந்த சில மாதங்களில் வண்டி நறநறக்கத் தொடங்கியது. கியர் மாற்றும்போதெல்லாம் கியர் பெட்டிக்குள்ளிருந்து எலும்பு அரைபடுவதுபோல ஓர் ஓசை எழுந்தது.

"எண்ணெய் பழசாயிடுச்சு எஜமான். மாத்தினா சரியாப் போகும். எந்த எண்ணெய்னுதான் தெரியலை" என்றான் இருளப்பன்.

தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டவன் அவன் ஒருவன்தான்.

ஆஸ்தான வைத்தியர் தாணுலிங்கம் எழுந்தார். "பல் நறநறப்பது பித்தத்தின் குணம், மகாராஜா. விளக்கெண்ணெய் ஊற்றினால் தணியும்."

ஊற்றினார்கள். பித்தம் தணியவில்லை.

மடைப்பள்ளி அதிகாரி அடுத்து எழுந்தார். "அரச வண்டிக்கு ஆமணக்கா? அவமானம். பசு நெய் ஊற்றுங்கள்."

அதையும் விளக்கெண்ணெயின் மேலேயே ஊற்றினார்கள். வண்டி மணத்தது, நறநறப்பு ஏறியது. அந்த நிலையில்தான் ராஜா தம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க அடுத்த சமஸ்தானத்துக்குப் போனார். கோட்டை வாசலில் அவர் கியர் மாற்றிய ஓசையில் சம்பந்தியாகவிருந்தவரின் யானை மிரண்டு, வரவேற்புப் பந்தலைச் சாய்த்துக்கொண்டு ஓடியது. பேச்சு அத்துடன் நின்றது.

திரும்பி வந்த ராஜா அவையைக் கூட்டினார்.

"தவறு எண்ணெயில் இல்லை, டிரைவரின் கையில்தான்" என்றார் வைத்தியர். மடைப்பள்ளி அதிகாரி தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் முறை.

"நான் பதமாத்தான் எஜமான் ஓட்டுறேன்" என்றான் இருளப்பன்.

"போதும்!" என்றார் ராஜா. "இனி மனிதர் யோசனை எதையும் கேட்க மாட்டேன். எந்த எண்ணெய் வேண்டும் என்று வண்டியே சொல்லட்டும். பொழுது சாய்வதற்குள் சொல்லாவிட்டால், இருளப்பன் குடும்பத்தோடு என் எல்லையைத் தாண்ட வேண்டும்."

இருளப்பனுக்கு மூன்று பெண் குழந்தைகள், நான்காவது பிறக்கவிருந்தது. யோசனை கேட்டபோது இடம் போதாமல் எழுந்தவர்கள், இப்போது தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சௌந்தரநாயகி அம்மாள் எழுந்தார். ராஜாவுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களைப் படித்துச் சொல்வது அவர் வேலை. சென்னையில் பட்டம் பெற்றவர். அந்தக் குற்றத்தை அவை இன்னும் மன்னிக்கவில்லை.

"வண்டி சொன்னால் மகாராஜா கேட்பீர்களா?"

"கேட்பேன்."

"வைத்தியர் மறுத்தாலும்?"

"என் வண்டியைவிட வைத்தியர் பெரியவரா, அம்மா?"

"நல்லது. ஒரு சொம்பு தண்ணீரும் ஓர் உருண்டை புளியும் வேண்டும்."

"எதற்கு? வண்டி வாய் கொப்பளிக்கவா?" என்றார் வைத்தியர். அவை சிரித்தது.

"ஆமாம்" என்றார் சௌந்தரநாயகி.

எல்லோரும் வண்டிக்கொட்டகைக்குப் போனார்கள். இருளப்பன் எஞ்சின் மூடியைத் தூக்கினான். உள்ளே, எஞ்சினுக்குப் பின்னால் நின்ற பலகையின் நடுவில், சந்தனமும் குங்குமமும் ஓர் அடை கனத்துக்கு அப்பிக் கிடந்தன. வண்டி வந்த நாளிலிருந்து ஒன்பது ஆயுத பூஜைகள் கழிந்திருந்தன. ஒவ்வொரு பூஜைக்கும் அவை முழுவதும் வரிசையில் நின்று, மூடியைத் திறந்து, அதே இடத்தில் ஆளுக்கொரு பொட்டு வைத்திருந்தது.

சௌந்தரநாயகி புளியை நனைத்தார்.

"ஐயையோ, கை வைக்காதீர்கள்!" என்று வைத்தியர் கூவினார். "அங்கேதான் வண்டியின் தெய்வம் இருக்கிறது!"

"இருந்தால் முகத்தைப் பார்ப்போமே."

ராஜா தலையசைத்தார். சௌந்தரநாயகி தேய்த்தார். சந்தனம் பாளம் பாளமாக உதிர்ந்தது. அடியில் ஒரு பித்தளைத் தகடு பளபளத்தது. அவர் படித்த கல்லூரியின் பேருந்திலும் அப்படி ஒரு தகடு இருந்தது; அதை நினைத்துத்தான் புளி கேட்டிருந்தார். இந்தத் தகட்டிலும் எழுத்துகள் வெட்டப்பட்டிருந்தன. அவர் ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சொன்னார்:

"கியர் பெட்டிக்கு, எஞ்சினுக்கு ஊற்றும் முப்பதாம் நம்பர் எண்ணெயையே ஊற்றவும். அதைவிடக் கெட்டியானது எதுவும் கூடாது. கெட்டியானால் பல் உரசும்."

"எஞ்சினுக்கு ஊற்றுவதையா?" வைத்தியர் பதறினார். "அது இந்தக் கொட்டகையிலேயே பீப்பாயில் கிடக்கிறதே! அவ்வளவு சாதாரண எண்ணெயையா..."

"வண்டி பேசும்போது குறுக்கே பேசாதீர்" என்றார் ராஜா.

இருளப்பன் பெட்டியின் அடித்திருகைக் கழற்றினான். வந்தது எண்ணெய் அல்ல, களி. அதை வழித்தெடுத்து, முப்பதாம் நம்பரை ஊற்றி அலசி, வடித்து, மறுபடி நிரப்பினான். ராஜாவே ஏறி அமர்ந்து கொடிமரத்தை மூன்று முறை சுற்றினார். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. சக்கரத்தின் கீழ் சரளைக்கல் நெரிவது மட்டும் கேட்டது.

ராஜா இறங்கினார். இன்னும் பொழுது சாயவில்லை.

"இருளப்பா, நாளைக் காலை நாம் சம்பந்தி வீட்டுக்கு மறுபடி போகிறோம். வண்டியைத் துடைத்து வை."

"உத்தரவு, எஜமான்" என்றான் இருளப்பன். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

ராஜா தகட்டருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஒன்பது வருஷம், அம்மா. இவ்வளவு பெரிய அவையில் ஒருவர்கூடவா இதைப் பார்க்கவில்லை?"

"எல்லோரும் பார்த்தார்கள், மகாராஜா. கும்பிட்டார்கள். படிக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை."

ராஜா அண்ணாந்து சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை அவையும் சிரித்தது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று அது யோசிக்கவில்லை.

"கேளுங்கள் அம்மா. பொன்னா, நிலமா, என்ன வேண்டும்?"

"அரண்மனை நூலகத்தின் சாவி வேண்டும், மகாராஜா" என்றார் சௌந்தரநாயகி. "அங்கே புத்தகங்கள் மேல் சந்தனம் இதைவிடக் கனமாக இருக்கும்."