ரிப்பேர் வராத வண்டி

ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில், ஜரினா பானு ஒரு கார் பட்டறை வைத்திருந்தார். வயது முப்பத்தெட்டு. பேச்சு குறைவு. பானெட்டைத் திறப்பதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடப்பார். அந்த ஒரு சுற்றிலேயே பாதி வேலை முடிந்துவிடும் என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள்.

அவரிடம் சிஷ்யராக வந்து சேர்ந்தவருக்கு வயது அறுபத்தொன்று. பெயர் குழந்தைவேல். முப்பத்தெட்டு வருடம் ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

முதல் நாள் ஒரு சிவப்புக் காரில் வந்தார். பின்பக்கம் குட்டையான சின்ன வண்டி. உள்ளே டர்போ இன்ஜின். மிதித்தால் பெரிய கார்களையெல்லாம் பின்னால் விட்டுவிடும். ஒன்பது வருடப் பழசு. திருப்பூரில் யாரோ ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் மகன் ஆசை தீர ஓட்டிவிட்டு விற்றது.

பட்டறை வாசலில் வண்டி தயங்கி நின்றது. ஜரினா கையிலிருந்த துடைக்கிற துணியை ஆட்டி உள்ளே வரச் சொன்னார். அது பச்சைத் துணி.

"பச்சை!" என்று வண்டிக்குள்ளிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது. அதன் பிறகுதான் வண்டி நகர்ந்தது.

இறங்கியவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். "பழக்கமுங்க. சிக்னலைப் பாத்தா வாய்விட்டுச் சொல்லணும்னு எங்க வேலைல சட்டம்."

"சொல்லுங்க சார், வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் ரெண்டு சந்தேகம். இதுக்கு மாசம் என்ன செலவாகும்? இதுல என்னென்ன கெட்டுப்போகும்?"

ஜரினா வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு, "உக்காருங்க" என்றார்.

பக்கத்துப் பெட்ரோல் பங்கில் டேங்கை நிரப்பினார். பவானி வரை போய்த் திரும்பினார்கள். ஜரினாதான் ஓட்டினார். ஒவ்வொரு லாரியையும் முந்தினார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கடைசி நொடியில் பிரேக் அடித்தார். குழந்தைவேல் வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தார். திரும்பி வந்து மறுபடி நிரப்பியபோது மூன்று லிட்டருக்கு மேல் பிடித்தது.

"இப்ப நீங்க ஓட்டுங்க."

குழந்தைவேல் ஓட்டினார். ஒரு கிலோமீட்டர் தள்ளி வரும் வளைவுக்கு இப்போதே காலை எடுத்தார். ரயில்வே கேட் பலகையைக் கண்டதும் நீளமாக ஹாரன் அடித்தார். அதே பவானி, அதே ரோடு. திரும்பி வந்து நிரப்பியபோது இரண்டு லிட்டர்தான் பிடித்தது.

"இந்த வண்டிக்கு மாசச் செலவு ரெண்டு இருக்குது சார்," என்றார் ஜரினா. "எது வேணும்னு நீங்கதான் சொல்லணும்."

குழந்தைவேல் சிரித்துவிட்டார். "சரி. ரெண்டாவது கேள்வி?"

"இந்த மாதிரி வண்டில இக்னிஷன் காயில் போகும். வாட்டர் பம்ப் ஒழுகும். கிளட்ச் தேயும். டர்போ பைப் வெடிக்கும். டயர்ல ரப்பர் உசரம் பாருங்க, ரெண்டு விரல் அகலந்தான். குழில விட்டா கிழியும். ஆயிலும் குடிக்கும்."

அவர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "அவ்வளவுதானுங்களா?"

"இதுவரைக்கும் நான் பாத்தது அவ்வளவுதான்."

"எல்லாத்தையும் மாத்திடுங்க."

"எதுவும் கெடலியே சார்."

"கெடறதுக்கு முன்னாடி மாத்திடலாமுங்க."

"கெடாததை நான் மாத்தறதில்ல. வேணும்னா நீங்களே கத்துக்கிட்டு மாத்திக்குங்க."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, டிபன் டப்பாவுடன் குழந்தைவேல் பட்டறை வாசலில் நின்றார். பழைய காக்கி உடுப்பு போட்டிருந்தார்.

"வந்துட்டேன், வாத்தியாரம்மா."

*

மாசியில் காயில் மாற்றக் கற்றுக்கொண்டார். பங்குனியில் வாட்டர் பம்ப். சித்திரையில் ஜரினாவும் அவருமாக கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் மாற்றினார்கள். பழைய கிளட்ச் தட்டைக் கையில் வைத்துத் தடவிப் பார்த்து, "இன்னும் ஒரு வருசம் ஓடியிருக்கும்" என்றார் ஜரினா. குழந்தைவேலுக்கு அதில் வருத்தமே இல்லை. நோட்டில் கிளட்ச் என்ற சொல்லை அடித்துவிட்டார்.

நல்ல சிஷ்யர்தான். கழற்றிய போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பார். பட்டறை முழுக்க அவருடைய "பச்சை!" கேட்கும். வண்டிகளை உள்ளே வாங்குவதும் வெளியே அனுப்புவதும் இப்போது அவர்தான். வாடிக்கைக்காரர்கள் சிலர் அதைக் கேட்பதற்காகவே சிரித்துக்கொண்டு வாசலில் நின்று காத்திருந்தார்கள்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இனி நிக்காதில்லீங்களா?"

"இதுனால நிக்காது," என்பார் ஜரினா.

அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. நோட்டைத் திறந்து அடுத்த வரிக்குப் போவார்.

வைகாசியில் ஒரு நாள், ஆட்டோவிலிருந்து ஓர் அம்மாள் பட்டறை முன் இறங்கினார். மாம்பழ நிறச் சேலை. கையில் மடித்த குடை.

"நீங்கதான் வாத்தியாரம்மாவா? நான் பூங்கோதை. இவரு சம்சாரம்."

குழந்தைவேல் வண்டிக்கடியில் படுத்திருந்தார். வெளியே வரவில்லை.

"வாங்கக்கா. உக்காருங்க."

"உக்கார வரல. ஒரு கேள்வி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். என் ஊட்டுக்காரரை எப்ப விடுவீங்க?"

"நானாக்கா புடிச்சு வெச்சிருக்கேன்?"

"பின்ன? ரிட்டயர் ஆன அன்னைக்குச் சொன்னாரு, உன்னை திம்பம் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன், அங்க தண்டவாளமே கிடையாது, நான் ஓட்டறேன், நீ பக்கத்துல உக்காந்துக்கோன்னு. அதுக்குத்தான் இந்த வண்டி. மூணு தடவை புளிசோறு கட்டியாச்சு. மூணு தடவையும் ஊட்டுக்குள்ளயே உக்காந்து தின்னாச்சு. கேட்டா காயிலுங்கறாரு, பம்புங்கறாரு."

வண்டிக்கடியில் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"முப்பத்தாறு வருசத்துல ஒரே ஒரு தடவைதான் இவரு ஓட்டின வண்டில நான் போயிருக்கேன். இவரு இன்ஜின்ல. நான் பதினாறாவது பெட்டில." பூங்கோதை குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "மகளிர் குழுவுல மலைக்கு பஸ் போகுது. வர ஞாயித்துக்கிழமை. எனக்கும் ஒரு சீட்டு சொல்லிட்டேன். இவருகிட்டயும் சொல்லிருங்க."

"அவரு இங்கதான் இருக்காருக்கா."

"தெரியும். செருப்பு தெரியுது."

ஆட்டோ போன பிறகுதான் குழந்தைவேல் வெளியே வந்தார். முகத்தில் கிரீஸ். வெகுநேரம் கைகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"இது நடுவழில நிக்கவே நிக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாளைக்கே கிளம்பிடறேன்."

"அப்படி என்னங்க சார் பயம்?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இருபது வருசம் இருக்குமுங்க. மே மாசம், மத்தியானம். ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல என் இன்ஜின் நின்னுருச்சு. பின்னால ஆயிரத்து நூறு பேரு. சுத்தியும் பொட்டக்காடு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செஞ்சு பாத்தேன். வேற இன்ஜின் வரதுக்கு ரெண்டரை மணி நேரம். ஜனங்க இறங்கி வந்து எனக்குக் கீழ நின்னாங்க. யாரும் திட்டல. வயித்துப்புள்ளக்காரி ஒருத்தி காலி பாட்டிலை மேல நீட்டுனா. எங்கிட்ட இருந்த தண்ணியை ஊத்துனேன். அவளுக்கு மட்டும்தான் இருந்துச்சு. அவளுக்குப் பின்னால வரிசையா கைங்க." அவர் நிறுத்தினார். "இப்ப பின்னால ஆயிரம் பேரு இல்லீங்க. பக்கத்துல ஒருத்தி. அது இன்னும் பயமா இருக்குது."

ஜரினா எழுந்து பட்டறையின் பின்பக்கம் நடந்தார். குழந்தைவேலும் போனார்.

அங்கே தார்ப்பாய் மூடிய ஒரு வண்டி நின்றது. ஜரினா பாயை இழுத்தார். வெள்ளை நிறம். குழந்தைவேலின் வண்டி மாதிரியேதான், அதே வகை, அதே வருடம். மேலே ஒரு கீறல் இல்லை. சீட்டில் கம்பெனி போட்டுக்கொடுத்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. குழந்தைவேல் குனிந்து மீட்டரைப் பார்த்தார். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர்.

"அட! யாருதுங்க இது?"

"கோபில ஒருத்தருது. மழை பேஞ்சா எடுக்க மாட்டாரு. ரோடு சரியில்லன்னா எடுக்க மாட்டாரு. இதுக்கு இதுவரைக்கும் ஒரு ரிப்பேர் செலவு கிடையாது."

"அப்புறம் எதுக்கு இங்க வந்துச்சு?"

"பானெட்டைத் திறங்க."

திறந்தார். ஒயர்களை எலி கடித்திருந்தது. டியூப்கள் காய்ந்து வெடித்திருந்தன. அவர் விரலால் ஒன்றை அழுத்தினார். அது பொடியாக உதிர்ந்தது. டயர்கள் கல்லாகிக் கிடந்தன. பெட்ரோல் கெட்டுப்போய் ஒருவித வார்னிஷ் வாசனை வந்தது.

"இதுக்கு என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமே ஆகல சார்," என்றார் ஜரினா.

குழந்தைவேல் பானெட்டை மெதுவாக இறக்கினார். அவரே தார்ப்பாயை இழுத்து மூடினார்.

அன்று மாலை நோட்டில் மிச்சமிருந்த வரிகளை அவர் பார்க்கவில்லை. வண்டிக்கு ஆயில் மட்டும் பார்த்து ஊற்றினார். கிளம்பும்போது கேட்டார்:

"ஞாயித்துக்கிழமை பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு அவ சொன்னாளுங்களா?"

"சொல்லல."

"சனிக்கிழமையே அவளைக் கூட்டிட்டுப் போயிர்றேன்."

*

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஜரினாவின் போன் அடித்தது.

"வாத்தியாரம்மா! நின்னுருச்சுங்க!"

"எங்க?"

"திம்பத்துல. பத்தொன்பதாவது வளைவு. பின்னாடி லாரிங்க, முன்னாடி லாரிங்க, ஊர்ந்துதான் வந்தோம். சூடு முள்ளு கிடுகிடுன்னு ஏறி சிவப்புக்குப் போயிருச்சு. உடனே ஓரமா ஒதுக்கி ஆஃப் பண்ணிட்டேன்."

"ரேடியேட்டர் மூடியைத் தொட்டீங்களா?"

"தொடலீங்க."

"நல்லது. தண்ணி ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்ல. ஆனா ஃபேன் சுத்தல வாத்தியாரம்மா. ஃபேனு! நம்ம நோட்டுலயே அது இல்லியே!"

ஜரினா சிரித்தார். "ஃப்யூஸ் பெட்டியைத் திறங்க. ஃபேன் ஃப்யூஸ் எரிஞ்சிருக்கா பாருங்க."

சற்று நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "ஆமாங்க. எரிஞ்சிருக்குது. பச்சை!"

"சிக்னலா, ஃப்யூஸா?"

"ஃப்யூஸுங்க, ஃப்யூஸு."

"பின்கண்ணாடி ஹீட்டருக்கும் அதே பச்சைதான். நம்மூரு வெயிலுக்கு அதை யாரும் போடறதில்ல. அதைக் கழட்டி இதுல போடுங்க. போட்டுட்டு சாவியை மட்டும் திருப்புங்க. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாதீங்க."

போன் எங்கோ வைக்கப்பட்டது. லாரி ஒன்று முனகிக்கொண்டு ஏறும் ஓசை. குரங்குகளின் கீச்சு. பிறகு தூரத்தில் வேறு ஏதோ ஒன்று. ஜரினா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சுத்துதுங்க!" குழந்தைவேல் கிட்டத்தட்ட கத்தினார். "வாத்தியாரம்மா, ஃபேன் சுத்துது! நானே போட்டேன்! கிளம்பிடட்டுங்களா?"

"அக்கா எங்க?"

"அவளா? அவ அந்த சுவத்துல..." அவர் நிறுத்தினார். "செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு, கீழ பாத்துக்கிட்டு, சுவத்து மேல உக்காந்திருக்கா. வண்டி நின்னதே தெரியாத மாதிரி."

"அந்தப் பாட்டு ரேடியோவா?"

போனில் அவர் நாலடி நடக்கும் ஓசை கேட்டது.

"இல்லீங்க," என்றார் குழந்தைவேல். குரல் தணிந்திருந்தது. "அவதான் பாடறா."

"நல்லாப் பாடறாங்க."

"எனக்குத் தெரியாதுங்க. முப்பத்தாறு வருசமாச்சு. அவ பாடுவான்னே எனக்குத் தெரியாது."

மலையில் காற்று அடித்தது. பாட்டு கொஞ்சம் விலகிப்போய்த் திரும்பி வந்தது.

"இன்ஜின் ஆறணுமில்லீங்களா?" என்று மெல்லக் கேட்டார் குழந்தைவேல்.

"ஆறணும்."

"எவ்வளவு நேரமுங்க?"

"அவங்க நிறுத்தற வரைக்கும்."