யானையை நிறுத்திய வரிசை

முன்பொரு காலத்தில் மருதஞ்சோலை நாட்டைக் கோதண்டவழுதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஓர் ஆணை போடுவார், மாலையில் அதை மாற்றுவார், நடுவில் சாப்பிடுவார். மற்றபடி நல்ல மனிதர்.

ஒரு வருஷம் தலைநகரில் விஷக்காய்ச்சல் பரவியது. ராஜா மலைமேல் இருந்த மாளிகைக்குப் போய், அங்கிருந்தபடியே நோயை எதிர்த்தார். கீழே ஊரில் எதிர்த்தது ஊர்ச்சபை. சபைக்காரர்கள் வீடு வீடாகக் கஞ்சி கொண்டுபோய் வைத்தார்கள். அவர்களில் மூன்று பேர் அதே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். சபைத் தலைவர் மாசிலாமணியும் ஒருவர். வெற்றிலைக் கடை வைத்திருந்த அவர் மனைவி உலகாயியை அந்த இடத்தில் உட்காரச் சொன்னது சபை. அழுது முடிக்க நேரமில்லாமலே அவள் வேலையில் இறங்கினாள்.

இரண்டு வருஷம் ஆட்டிவைத்துவிட்டுக் காய்ச்சல் போனது. ராஜா வந்தார். சபை கடைத்தெருவுக்குக் கூரை வேய்ந்தது, தறி இழந்தவனுக்குத் தறியும் செக்குமாடு செத்தவனுக்கு மாடும் தேடிக் கொடுத்தது. கடைகள் திறந்தன. வாங்கத்தான் ஆளில்லை. பக்கத்தில் ஒருவர் தும்மினால் தெருவை விட்டே ஓடுகிற ஜனம் சந்தைக்கு எப்படி வரும்? பணியாரக் கடை அம்மாக்கண்ணு சுட்டதையெல்லாம் சாயங்காலம் காக்கைக்குப் போட்டாள். அந்தத் தெருக் காக்கைகள் மட்டும் நன்றாகத் தேறியிருந்தன.

இதையெல்லாம் அரண்மனைக் குதிரைகளுக்கு அதிகாரியான கங்கணராயர் கவனித்துவந்தார். ஊரில் எங்கே போனாலும் உலகாயி பேச்சாக இருப்பது அவருக்கு ஆகவில்லை. ஒருநாள் ராஜசபையில் எழுந்தார்.

"மகாராஜா, கடைத்தெரு செத்துவிட்டது. அந்த இடத்தில் குதிரை லாயம் கட்டலாம். குதிரைகளாவது அங்கே நிற்கும்."

ராஜா உலகாயியை வரவழைத்தார். "தெரு செத்துவிட்டதாமே?"

"படுத்திருக்கிறது மகாராஜா. மூச்சு இருக்கிறது."

"எப்படித் தெரிந்துகொள்வது?" என்று யோசித்த ராஜாவுக்கு ஒரு யோசனை பிறந்தது. அவருக்கே அது பிடித்துப்போனது. "வருகிற வெள்ளிக்கிழமை என் யானையில் அந்தத் தெருவுக்கு வருவேன். ஜனத்தால் யானை நின்றால் தெரு உங்களுக்கு. நிற்காமல் மறுமுனைக்குப் போனால் லாயம்."

உலகாயி எங்கிருந்தாவது ஆட்களைத் திரட்டிவிடுவாளோ என்று கங்கணராயருக்குச் சந்தேகம். அன்று மாலையே இன்னோர் ஆணை வாங்கிவிட்டார். நோய் முழுக்கப் போகவில்லை, ஆகவே சந்தையில் ஆளுக்கு ஆள் நான்கு முழம் தள்ளி நிற்கவேண்டும், மீறினால் சிறை.

"இனிக் கூட்டம் எங்கே கூடும்?" என்றார், ஓலையை அவள் கையில் கொடுத்து.

உலகாயி ஓலையை இரண்டு தடவை படித்தாள். "ரொம்ப உபகாரம் ஐயா" என்றாள். கங்கணராயருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் நான்கு முழக் கயிறும் சுண்ணாம்புச் சட்டியுமாகச் சபைக்காரர்கள் தெருவில் இறங்கினார்கள். அளந்து அளந்து வட்டம் போட்டார்கள். எண்ணெய்க் கடையில் தொடங்கிய வட்டங்கள் எதிர்ச்சாரி வரை போய்த் திரும்பின. ஜவுளிக் கடை வட்டங்கள் அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தன. பிறகு அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். காய்ச்சலில் கஞ்சி வைத்த அதே கைகள் என்பதால் கதவு திறந்தது.

"வட்டத்துக்குள் நின்றால் போதும். பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். வந்தால் அரசாங்கமே பிடித்துக்கொண்டு போகும்" என்றாள் உலகாயி.

வீட்டுக்குள் இரண்டு வருஷம் ஒடுங்கிக் கிடந்தவர்களுக்கு அந்தச் சொல் தைரியமாக இருந்தது. நாலு சாமான் வாங்கவேண்டியும் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் எழுபது பேர்கூட இல்லை. காய்ச்சலுக்கு முன்னால் அது ஒரு கடைக்குக் காணாது. ஆனால் நான்கு முழத்துக்கு ஒருவராக நின்றபோது தெரு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, குறுக்கும் நெடுக்குமாக நிறைந்துபோனது.

யானை வந்தது. எண்ணெய்க் கடை வரிசைக்கு முன்னால் நின்றது.

"வழி விடு" என்றார் பின்னால் குதிரையில் வந்த கங்கணராயர்.

குடத்தோடு நின்ற குயவர் பிச்சாண்டி கும்பிட்டார். "நகர்ந்தால் அடுத்த ஆளுக்கு நான்கு முழத்துக்குள் போய்விடுவேன் சாமி. சிறை என்று தண்டோரா போட்டிருக்கிறார்கள்."

"வரிசையே சேர்ந்து நகரட்டும்."

"கடை நகராதுங்களே."

"அப்படியானால் நடுவில் யானையை விடு" என்று பாகனை அதட்டினார்.

உலகாயி முன்னே வந்தாள். "விடலாம் ஐயா. ஆனால் மேலே உட்கார்ந்திருக்கும் மகாராஜா இரண்டு பக்கத்து ஆளுக்கும் நான்கு முழத்துக்குள் வந்துவிடுவார். அவரை எந்தச் சிறையில் வைப்பது என்று ஓலையில் போடவில்லை."

ராஜா கங்கணராயரைப் பார்த்தார். "யாருடைய யோசனை இந்த நான்கு முழம்?"

"என்னுடையதுதான் மகாராஜா" என்றார் அவர், மெல்ல.

"நல்ல யோசனை. இது நடக்கவேண்டும். வாரந்தோறும் நீரே வந்து வட்டம் போடும். ஜனங்களுக்குப் பயம் விடுகிறவரை போடும்." சுண்ணாம்புச் சட்டி கங்கணராயர் கைக்கு மாறியது. குதிரையிலிருந்து இறங்கித்தான் வாங்க முடிந்தது.

"யானை நின்றுவிட்டது, தெரு உங்களுக்கு. உனக்கு என்ன வேண்டும் உலகாயி?"

"அரண்மனைச் சமையலுக்கு வேண்டியதை இந்தத் தெருவிலேயே வாங்கச் சொல்லுங்கள்."

"நாளையிலிருந்து" என்றார் ராஜா. மாலையில் இதை மாற்றவில்லை. அதுவே அந்த நாட்டில் பெரிய செய்தி.

அப்போது பணியார வாசனை வந்தது. ராஜா யானையிலிருந்து இறங்கிப் போய் வரிசையின் கடைசி வட்டத்தில் நின்றார். முன்னால் பதினோரு பேர். அவர் முறை வந்தபோது அம்மாக்கண்ணு காலிச் சட்டியைப் பார்த்தாள், ராஜாவைப் பார்த்தாள்.

"தீர்ந்துபோச்சுங்க" என்றாள்.

இரண்டு வருஷமாக அந்தத் தெருவில் யாரும் சொல்லாத வார்த்தை. உலகாயி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு தூணோரம் போய் நின்றாள். மாசிலாமணிக்காக அழ அன்றுதான் அவளுக்கு நேரம் கிடைத்தது.

ராஜா இன்னும் கடைமுன் நின்றுகொண்டிருந்தார். "நாளைக்கு?" என்று கேட்டார்.

"நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்றாள் அம்மாக்கண்ணு.