ஈயம் ஊத்துன கொம்பு

ஒரு ஊருல ஒரு ஆறு இருந்துச்சாம். பேருதான் ஆறு, வருசத்துல பத்து மாசம் வெறும் மணலு. நடுவுல யாராவது எந்திரிச்சீங்க, கதையை நிறுத்திப்புடுவேன். மேக்க மலையில மழை பேஞ்சா போதும், இங்க வெயில் சுள்ளுன்னு அடிக்கிறப்பவே வெள்ளம் சுருட்டிக்கிட்டு வந்துரும். அதனால மலையடிவாரப் பாறையில ஒரு ஆளு கொம்பு வச்சுக்கிட்டு இருக்கும். கொம்பு சத்தம் கேட்டா கையில இருக்கிறத அப்படியே போட்டுட்டு மேட்டுக்கு ஏறணும். கூடையை எடுக்கக்கூடத் திரும்பக் கூடாது. கொம்பு ஊதலைன்னா பயமில்ல. அதுதான் அந்த ஊரு வழக்கம்.

அப்போ கொம்பு ஊதுனவ பேரு மாசாணி. அவளுக்கு ஒரே மக, வெள்ளச்சி.

அந்த ஊரு ராசாவுக்கு ஒரு கிறுக்கு புடிச்சுது, ஆத்து மணல்லயே மண்டபம் கட்டணும்னு. ஊரே வந்து கல்லு சுமந்துச்சு. மலையில இடி இடிச்சுது, மாசாணி ஊதுனா, எல்லாரும் ஏறுனாங்க, வந்தது முழங்கால் தண்ணி. மறுபடி இடிச்சுது, மறுபடி ஊதுனா, மறுபடி ஏறுனாங்க, வந்தது கணுக்கால் தண்ணி. மூணாந்தடவை ஏறுனப்ப தண்ணியே வரல. ராசாவுக்கு வந்துச்சே கோவம்.

கொல்லனை விட்டு ஈயத்தைக் காய்ச்சி, கொம்பு வாயில ஊத்திட்டான்.

"ஊருக்குத் தெரிஞ்சா ஒருத்தனும் ஆத்துல எறங்க மாட்டான். நீ வாயைத் தொறந்தா உன் மக தலை இருக்காது. அவ இங்க மண்டபத்துலயே எனக்கு விசிறி வீசிக்கிட்டுக் கெடக்கட்டும்."

"சாமி, வெள்ளம் வந்துட்டா?"

"மூணு தடவையும் என்ன வந்துச்சு? போடி."

அவ வாயைப் பொத்திக்கிட்டுப் போனா. பெத்தவ வேற என்ன செய்வா? ஆனா சொல்லியிருக்கணும். அன்னைக்கே சொல்லியிருக்கணும்.

அப்புறம் ஒரு மத்தியானம் மலை கருகருன்னு இருட்டி, பாறை அதிர இடி இடிச்சுது. மாசாணி ஊதுனா, சத்தம் வரல. ஊதுனா, வரல. கன்னம் புடைக்க ஊதுனா, காத்துகூடப் போகல. கொம்போட ஆத்துக்கு ஓடுனா.

"வெள்ளம் வருது, ஏறுங்க."

"கொம்பு ஊதலையே ஆத்தா"ன்னு சிரிச்சாங்க.

"மலை இடிக்குதுய்யா, ஏறுங்க."

"கொம்பு ஊதட்டும், ஏறுறோம்."

மூணாந்தடவை கொம்பை அவங்க காலடியில போட்டா. "எப்படிய்யா ஊதும்? ராசா ஈயம் ஊத்திட்டாரு, பாருங்க."

பாத்தாங்க, எல்லாரு மூஞ்சியும் செத்துப்போச்சு. நேரா மேட்டுக்கு ஓடுனவங்க பொழைச்சாங்க. கூடைக்கும் கடப்பாரைக்கும் திரும்புன பதினோரு பேரு போனாங்க. மாசாணி மகளைத் தேடி மண்டபத்துப் பக்கம் திரும்புனா, நாலு பேரு அவளை மேட்டுக்கு இழுத்துட்டாங்க.

மண்டபத்துக்குள்ள நடந்ததைத் தப்பிச்சு வந்த காவக்காரன் சொன்னான். வெள்ளச்சி சொல்லியிருக்கா, "ராசா, இடி பக்கத்துல கேக்குது, மேட்டுக்குப் போயிரலாம்." தின்னுட்டுப் படுத்திருந்த ராசா கண்ணைக்கூடத் தொறக்கல. "பேசாம வீசு. கொம்பு ஊதலையே." அடப்பாவி, அதை அடைச்சவனே நீதானேடா! சின்ன வயசுலேர்ந்து கேட்டு வளந்த கொம்பு, அதை அடைச்சது அவனுக்கே மறந்துபோச்சு.

மூணாம் நாள் அவனைக் கருவேலங்காட்டுல கண்டாங்க. தொண்டை வரைக்கும் மண்ணு அடைச்சிருந்துச்சு.

வெள்ளச்சி என்ன ஆனாளா? போயிட்டா கண்ணு. உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். விசிறி மட்டுந்தான் கெடைச்சுது. மாசாணி அதை மடியில வச்சுக்கிட்டு, "நான் சொல்லியிருக்கணும், நான் சொல்லியிருக்கணும்"னு சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா.

அதுலேர்ந்து அந்த ஊருல யாரும் கொம்புக்குக் காத்திருக்கிறதில்ல. இடி கேட்டா ஏறிருவாங்க. நூறு தடவை தண்ணி வராமப் போனாலும் நூத்தியோராவது தடவையும் ஏறுவாங்க.

கதையும் தீந்துச்சு, என் வாயும் காஞ்சுது. அந்தா, மலைப்பக்கம் இடிக்குது. எந்திரிங்க, மேட்டு வீட்டுக்குப் போவோம். பாயை ஏன்டா சுருட்டுற? கெடக்கட்டும், விடு.